சதுசேயர் எதை மறுத்தார்கள்? எழுதிய சட்டமும் எழுதாத மரபும்

புதிய ஏற்பாட்டில் பரிசேயர், சதுசேயர் என்ற இரு யூதச் சமயப் பிரிவினரின் பெயர்களும் பல இடங்களில் அடுத்தடுத்தே வருவதால், அவர்கள் ஒரே கூட்டத்தின் இரு கிளைகள் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் எளிதாகப் படிந்துவிடுகிறது. உண்மையில் அவ்விரு தரப்பினரும் கோயில் சடங்கு முதல் மறுமை வரை ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் மோதிக்கொண்டவர்கள். பரிசேயரைப் பற்றி ஓரளவாவது தெரிந்தவர்கள்கூடச் சதுசேயரை "உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்னவர்கள்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பொய்யல்ல; ஆனால் அது ஒரு முடிவை மட்டும் சொல்லி, அந்த முடிவுக்கு அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறது. உயிர்த்தெழுதலை மறுத்தவர்கள் என்பதால் அவர்களைப் பாதி நாத்திகர் என்று கருதுவோரும் உண்டு. அப்படியானால் எருசலேம் கோயிலின் பலிபீடத்தருகே நின்று, சடங்கில் நூலிழை பிசகினாலும் பொறுக்காமல் வாதாடியவர்கள் அவர்களே என்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அவர்களின் கொள்கை முழுவதும் விளங்கத் தொடங்கும்.

முதலில் சில சொற்கள்

1. தோரா: மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்கள். ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரையிலான இவையே யூதச் சட்டத்தின் அடித்தளம்.

2. மூதாதையர் மரபு: தோராவில் எழுதப்படாமல், தலைமுறை தலைமுறையாக ஆசிரியர் வாயிலாகக் கடத்தப்பட்ட விதிகளும் விளக்கங்களும். பிற்கால யூதச் சட்ட ஆசிரியர்களான ரபிமார் இதை "வாய்மொழித் தோரா" என்று அழைத்தார்கள். சதுசேயர்–பரிசேயர் பூசலின் மையம் இதுதான்.

3. மிஷ்னா: அந்த வாய்மொழி மரபு ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட நூல். அதன்மேல் எழுந்த பெரும் விவாதத் தொகுப்பே தல்மூத்.

4. தலைமை ஆசாரியர்: எருசலேம் கோயிலின் தலைவர். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் தலைமைக் குரு. ஆசாரியப் பணி பிறப்பால் வருவது, படிப்பால் பெறுவதல்ல. ஆனால் ஆசாரியர் எல்லோரும் சதுசேயர் அல்லர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வரலாற்றாசிரியர் யோசேபஸே ஆசாரியக் குடும்பத்தில் பிறந்து, பரிசேயரின் வழியை மேற்கொண்டதாகச் சொல்லிக்கொண்டவர்.

சாட்சிக் கூண்டில் எதிராளிகள் மட்டும்

சதுசேயர் எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு நூல்கூட இன்று நம் கையில் இல்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவது அனைத்தும் மூன்று வாயில்கள் வழியாக வருகிறது: கி.பி. 37இல் பிறந்து, ரோமர் ஆதரவில் கிரேக்க மொழியில் எழுதிய யோசேபஸ், புதிய ஏற்பாடு, பரிசேய மரபின் வாரிசுகளான ரபிமாரின் நூல்கள். மூவருமே சதுசேயருக்கு வேண்டியவர்கள் அல்லர். ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வாதங்கள் மட்டுமே கோப்பில் எஞ்சியிருந்தால் தீர்ப்பு எழுதுபவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டுமோ, அவ்வளவு கவனம் இங்கும் தேவை.

யோசேபஸ் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவர் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். கி.பி. 62இல் ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவர் அல்பினுஸ் வந்து சேர்வதற்குள் கிடைத்த இடைவெளியில், அன்னாவின் மகன் அன்னா என்ற தலைமை ஆசாரியர் இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பளித்தார். அதன் காரணமாக மூன்றே மாதத்தில் பதவி இழந்தார். இதைச் சொல்லுமிடத்தில் யோசேபஸ் அவரைத் துணிச்சல்காரர், தண்டனை வழங்குவதில் மற்றெல்லா யூதரையும் விடக் கடுமையான சதுசேயர் கூட்டத்தவர் என்கிறார். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய போர் வரலாற்றில், அதே அன்னாவை நேர்மையின் உருவமாக, அவர் உயிரோடு இருந்திருந்தால் நகரமே தப்பியிருக்கும் என்னும் அளவுக்குப் புகழ்கிறார். அங்கே சதுசேயர் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.

பெயரும் அரசியல் நுழைவும்

எபிரேயத்தில் இவர்கள் பெயர் "செதுக்கீம்". தாவீது, சாலொமோன் காலத்துத் தலைமை ஆசாரியரான சாதோக்கின் பெயரிலிருந்து இது வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எசேக்கியேல் நூலின் இறுதிப் பகுதி, புதிய கோயிலில் பலிபீடத்தை அணுகும் உரிமையைச் சாதோக்கின் வழிவந்தவர்களுக்கே கொடுக்கிறது. ஆகவே அந்தப் பெயரைச் சூடிக்கொள்வதே ஓர் உரிமைக் கோரிக்கைதான்.

ரபிமார் மரபு வேறொரு கதை சொல்கிறது. சோக்கோ ஊரைச் சேர்ந்த அந்திகோனுஸ் என்ற ஆசிரியர், கூலியை எதிர்பார்த்து எசமானுக்கு உழைக்கும் வேலையாள்போல் இருக்காதீர்கள் என்று தம் மாணவருக்குக் கற்பித்தாராம். சாதோக், போயத்தோஸ் என்ற இருவரின் வழியினர் அதைத் திரித்துப் புரிந்துகொண்டு, "நாள் முழுதும் உழைத்தவனுக்கு மாலையில் கூலி இல்லையா? அப்படியானால் மறுமை என்று ஒன்று இல்லை" என்று முடிவு கட்டி, பொன் பாத்திரத்திலும் வெள்ளிப் பாத்திரத்திலும் உண்டு வாழத் தொடங்கினார்களாம். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சதுசேயர் என்றால் எதிராளிகளின் கண்முன் என்ன வந்து நின்றது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது: மறுமை மறுப்பும் வெள்ளிப் பாத்திரமும்.

அரசியலில் இவர்கள் தெளிவாகத் தென்படுவது, கி.மு. 134 முதல் 104 வரை ஆண்ட யோவான் ஹிர்க்கானுஸ் காலத்தில். அவர் அரசரைப் போன்ற ஆட்சியாளராகவும் தலைமை ஆசாரியராகவும் ஒருங்கே இருந்தார். யோசேபஸ் சொல்லும்படி, அவர் பரிசேயருக்கு விருந்து வைத்து, தம்மிடம் குறை இருந்தால் சொல்லுமாறு கேட்டபோது, எலெயாசர் என்பவர் எழுந்து, ஆசாரியப் பதவியை விட்டுவிட்டு ஆட்சியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அவருடைய தாய் ஒருகாலத்தில் சிறைப்பட்டிருந்தவர் என்பதைக் காரணமாகவும் காட்டினார். பிறப்பின் தூய்மையையே கேள்விக்குள்ளாக்கிய சொல் அது. பக்கத்திலிருந்த யோனத்தான் என்ற சதுசேயர், இதற்கு என்ன தண்டனை என்று பரிசேயரையே கேட்டுப் பாருங்கள் என்று தூண்டினார். அவர்கள் சவுக்கடியும் விலங்கும் போதும் என்றதும், அவதூறுக்கு அவர்கள் உடந்தை என்று முடிவு செய்த ஹிர்க்கானுஸ் சதுசேயர் பக்கம் சாய்ந்தார். மரபுவழி விதிகளைக் கைக்கொள்வதையும் தடைசெய்தார்.

அவருடைய மருமகள் சலோமே அலெக்சாந்திரா கி.மு. 76 முதல் 67 வரை அரசியாக இருந்தபோது தராசு மறுபுறம் தாழ்ந்து, பரிசேயர் கை ஓங்கியது. பின்னர் ஏரோது, அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த போயத்தோஸ் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பி, அவள் தந்தை சீமோனின் தகுதியை உயர்த்துவதற்காகவே அவருக்குத் தலைமை ஆசாரியப் பதவியைக் கொடுத்தார். ஏரோது காலம் முதல் கோயில் அழிவு வரை 107 ஆண்டுகளில் 28 தலைமை ஆசாரியர்கள் மாறினார்கள் என்று யோசேபஸ் கணக்குத் தருகிறார்.

கொள்கைகள்

யோசேபஸும் புதிய ஏற்பாடும் சொல்வனவற்றைக் கூட்டினால் கிடைப்பவை இவை:

1. எழுதப்பட்ட சட்டம் மட்டுமே கட்டுப்படுத்தும். மூதாதையர் வாயிலாக வந்த விதிகளைக் கைக்கொள்ள வேண்டியதில்லை. இங்கே ஒரு திருத்தம் தேவை: தீர்க்கதரிசிகளின் நூல்களை அவர்கள் ஒதுக்கிவிட்டு ஐந்து நூல்களை மட்டுமே ஏற்றார்கள் என்று பிற்காலத் திருச்சபைத் தந்தையர் எழுதினார்கள். அது சமாரியரின் நிலைப்பாடு. யோசேபஸ் சதுசேயரைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை.

2. விதி என்று ஒன்று இல்லை. நன்மையும் தீமையும் மனிதன் தானே தேர்ந்துகொள்வன. தீமை செய்வதற்கும் அதைப் பார்ப்பதற்கும்கூட அப்பாற்பட்டவர் கடவுள். "விதி" என்பது கிரேக்க, ரோம வாசகருக்காக யோசேபஸ் தேர்ந்த சொல் என்பதை மறக்கலாகாது. பரிசேயரை, ஸ்தோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினரோடு ஒப்பிட்டவர் அவர்.

3. ஆன்மா உடலோடு அழியும். மறுமையில் தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை.

4. தேவதூதனும் ஆவியும் இல்லை. இது அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தில் மட்டும் வரும் செய்தி. நான்கில் சிக்கலானதும் இதுவே. தோராவில் ஆபிரகாமின் கூடாரம் தொடங்கி எரியும் முட்செடி வரை தேவதூதர் பலமுறை வருகிறார்கள். தோராவையே பற்றி நின்றவர்கள் அவர்களை எப்படி மறுத்திருக்க முடியும்? அதே வசனம், பரிசேயர் "இரண்டையும்" ஒப்புக்கொள்கிறார்கள் என்று முடிகிறது. உயிர்த்தெழுதல், தூதன், ஆவி என்று மூன்று சொல்லப்பட்டிருக்க, "இரண்டு" என்பானேன்? இறந்தவர் உயிர்த்தெழும்வரை தூதனைப் போலவோ ஆவியாகவோ இடைநிலையில் இருப்பார் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் மறுத்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் தரும் விளக்கம், இந்த இரு முடிச்சுகளையும் ஓரளவு அவிழ்க்கிறது.

இந்த நான்கில் முதலாவதே அடிமரம். மறுமை மறுப்பு அதிலிருந்து கிளைத்தது. தோராவின் ஐந்து நூல்களிலும் இறந்தவர் எழுவர் என்று வெளிப்படையான ஒரு வாக்கியம் கிடையாது. எபிரேய விவிலியத்தில் அது மறைவின்றிச் சொல்லப்படுவது தானியேல் 12ஆம் அதிகாரத்தில். அந்நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 165ஐ ஒட்டி என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. ஆகச் சதுசேயரின் பார்வையில் உயிர்த்தெழுதல் என்பது நேற்று வந்த புதுக் கருத்து. பழமையைக் காத்தவர்கள் அவர்களே.

ஏழு சகோதரர் வழக்கு

மாற்கு 12ஆம் அதிகாரத்தில் சதுசேயர் இயேசுவிடம் கேட்கும் கேள்வி பலருக்கும் தெரியும். பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்க வேண்டும் என்பது சட்டம். ஏழு சகோதரரும் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணை மணந்து பிள்ளையின்றி இறந்தால், உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி? பொதுவாக இதை ஒரு குதர்க்கமாகவே படிக்கிறோம்.

உபாகமம் 25ஐத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தச் சட்டத்துக்கு அங்கே சொல்லப்படும் காரணம், இறந்தவனின் பெயர் இஸ்ரவேலில் அற்றுப்போகக் கூடாது என்பது. மரணத்துக்குத் தோரா தரும் மருந்து சந்ததி. பெயர் நிலைப்பதே இறந்தவன் நிலைப்பது. இறந்தவனே எழுந்து வருவான் என்றால் அவன் பெயரைக் காக்க இப்படி ஒரு சட்டம் எதற்கு என்ற கேள்வி அந்தக் குதர்க்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அவர்கள் கேலி செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேலிக்கு எடுத்த கருவி அவர்களுடைய கொள்கையின் உயிர்நாடி.

இயேசு சொன்ன பதிலும் இதே கோணத்தில் கவனிக்கத்தக்கது. தானியேலை மேற்கோள் காட்டியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அவரோ யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்துக்குப் போய், "நான் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்" என்ற வாசகத்தை எடுக்கிறார். எதிராளி எந்த நூலை உச்சத்தில் வைக்கிறாரோ அந்த நூலிலிருந்தே சான்று காட்ட வேண்டும் என்பது வாதத்தின் விதி. தோராவிலிருந்தே உயிர்த்தெழுதலை நிறுவிக்காட்ட ரபிமாரும் பின்னாளில் பக்கம் பக்கமாக முயன்றார்கள்.

சாய்ந்த குடுவையும் அறுவடை அரிவாளும்

நம்பிக்கைகளைவிடச் சடங்குச் சட்டங்களில்தான் இரு தரப்பும் அதிகம் மோதின. மிஷ்னாவின் யாதாயிம் பகுதி சிலவற்றை உரையாடலாகவே தருகிறது. "பரிசேயரே, உங்கள்மேல் எங்களுக்குக் குறை உண்டு, ஊற்றும் தாரையைத் தூயது என்கிறீர்களே" என்று சதுசேயர் தொடங்குகிறார்கள்.

தாரை என்பது இதுதான். கையில் தூய்மையான குடுவை; கீழே தீட்டான கிண்ணம். குடுவையைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது, ஒரு கணம் மேலும் கீழும் ஒரே நீரிழையால் இணைந்திருக்கின்றன. கீழுள்ள தீட்டு அந்த இழை வழியே மேலேறிக் குடுவையையும் தீட்டாக்குமா? இல்லை என்பது பரிசேயர் கட்சி. ஆம் என்பது சதுசேயர் கட்சி. ஆடம்பரப் பிரபுக்கள், மறுமைப் பயமற்றவர்கள் என்று பேர் வாங்கியவர்கள், இந்த விஷயத்தில் பரிசேயரைவிடக் கடுமையானவர்கள்.

இந்தச் சிறிய தகராறு ஆய்வுலகில் பெரிதானதற்குக் காரணம் சாக்கடல் சுருள்கள். சாக்கடல் கரையில் அந்தப் பழஞ்சுருள்கள் கிடைத்த கும்ரானின் நான்காம் குகையிலிருந்து, ஆறு பிரதிகளின் துண்டுகளாகக் கிடைத்த ஒரு கடித வடிவ ஆவணம் 1994இல் முறையாகப் பதிப்பிக்கப்பட்டது. "சட்டத்தின் செயல்களில் சில" என்ற தொடரால் அது அழைக்கப்படுகிறது. அதில் பேசுவோர், ஊற்றும் தாரைகளில் தூய்மை இல்லை, ஊற்றப்படுவதும் ஏற்பதும் ஒரே ஈரமே என்கிறார்கள். மிஷ்னா சதுசேயர் வாயில் வைத்த அதே சட்டம்! சிவப்புக் கிடாரியை எரித்துச் சாம்பல் எடுக்கும் சடங்கிலும் இதே ஒற்றுமை. அதைச் செய்பவர் குளித்தால் மட்டும் போதாது, சூரியன் மறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அந்த ஆவணத்தின் நிலை. மிஷ்னாவின்படி சதுசேயர் நிலையும் அதுவே.

அந்தச் சுருள்களுக்கு உரியவர்களாகக் கருதப்படும் கும்ரான் குழுவினரே சதுசேய ஆசாரியரிலிருந்து பிரிந்தவர்கள்தாம் என்று ஆய்வாளர் லாரன்ஸ் ஷிஃப்மன் வாதிட்டார். ஜேம்ஸ் வாண்டர்காம் போன்றோர் அதை ஏற்கவில்லை. கும்ரான் சுருள்களில் தேவதூதரும் முன்குறிக்கப்பட்ட விதியும் நிறைந்திருக்க, அவர்களைச் சதுசேயர் என்பது எப்படிப் பொருந்தும் என்பது அவர்களின் எதிர்வாதம். இரு குழுக்களும் ஒரே குழு என்பதைவிட, பழைய ஆசாரியச் சட்ட மரபு ஒன்றை இரண்டும் பங்கிட்டுக்கொண்டன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒன்று மட்டும் உறுதியானது: ரபிமார் தம் எதிராளிகளின் சட்டங்களைக் கற்பனையாகப் புனையவில்லை.

இன்னொரு மோதல் நாட்காட்டியைப் பற்றியது. லேவியராகமம் 23, முதல் கதிர்க்கட்டை "ஓய்வுநாளின் மறுநாளில்" படைக்கச் சொல்கிறது. பஸ்கா பண்டிகையின் முதல் நாளே இங்கே ஓய்வுநாள் எனப்படுகிறது என்பது பரிசேயர் மரபு. ஓய்வுநாள் என்றால் சனிக்கிழமைதான், ஆகவே கதிர்க்கட்டு ஞாயிறன்றுதான் என்பது சதுசேயரோடு நெருங்கிய போயத்தோஸியரின் வாதம். எழுதியதை எழுதியபடி படித்தவர்கள் யார் என்பது இங்கே வெளிப்படை.

மறுப்பாளரின் வாயை அடைக்கவே அறுவடையை ஆரவாரமாக நடத்தினார்கள் என்கிறது மிஷ்னா. பொழுது சாய்ந்ததும் அக்கம்பக்கத்து ஊரார் கூடியிருக்க, அறுப்பவர் கேட்பார்: "சூரியன் மறைந்ததா?" கூட்டம் "ஆம்" என்னும். "இதுதானே அரிவாள்?" "ஆம்." "இதுதானே கூடை?" "ஆம்." "அறுக்கவா?" "அறு." ஒவ்வொன்றும் மும்முறை. ஓர் எதிர்க் கட்சியின் நிழல் இவ்வளவு துல்லியமாகப் பதிந்த சடங்கு வேறில்லை.

தூபச் சடங்கிலும் இப்படித்தான். பாவநிவாரண நாளில் தலைமை ஆசாரியர் மகா பரிசுத்த இடத்துக்குள் நுழைந்த பிறகே தூபத்தைத் தணலில் இட வேண்டும் என்றனர் பரிசேயர். வெளியிலேயே இட்டுப் புகையோடு நுழைய வேண்டும் என்றனர் சதுசேயர். உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. ஆகவே முன்னதாகவே மூப்பர்கள் அவரிடம் சத்தியம் வாங்குவார்கள். வாங்கியபின் அவர் ஒதுங்கி அழுவார், அவர்களும் ஒதுங்கி அழுவார்கள். சந்தேகிக்கப்பட்டதற்காக அவர் அழுகை. சந்தேகிக்க நேர்ந்ததற்காக அவர்கள் அழுகை.

செல்வமும் செல்வாக்கும்

சதுசேயருக்குச் செல்வந்தர் ஆதரவு மட்டுமே உண்டு, பொதுமக்கள் பரிசேயர் பக்கம் என்கிறார் யோசேபஸ். பதவிக்கு வந்த சதுசேயரும் மக்களுக்குப் பயந்து பரிசேயர் சொற்படியே நடந்தார்கள் என்றும் சேர்க்கிறார். எதிராளியின் வாக்குமூலம் என்பதால் இதில் சற்றுத் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆசாரியக் குடும்பங்கள் மீது மக்களுக்கு இருந்த மனக்கசப்பைத் தல்மூதில் ஒரு புலம்பல் காட்டுகிறது. போயத்தோஸ் வீட்டாரின் தடிகளால் ஐயோ, கத்ரோஸ் வீட்டாரின் எழுதுகோல்களால் ஐயோ என்று தொடரும் அது, அவர்கள் தலைமை ஆசாரியர், மகன்கள் பொருளாளர், மருமகன்கள் கண்காணிப்பாளர், வேலைக்காரர்கள் மக்களைத் தடியால் அடிப்பவர் என்று முடிகிறது.

அந்தக் கத்ரோஸ் என்ற பெயர் 1970இல் மண்ணிலிருந்தே வெளிவந்தது. எருசலேமின் பழைய நகரில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் தோண்டிய "எரிந்த வீட்டில்", கி.பி. 70இன் தீயில் கருகிய அறைகளுக்குள் "பார் கத்ரோஸ்" என்று பொறித்த கல் எடை ஒன்று கிடைத்தது. ஓர் ஈட்டியும் ஓர் இளம்பெண்ணின் கையெலும்பும் கிடைத்தன. அக்குடும்பம் சதுசேயக் குடும்பம் என்று எந்த எழுத்தும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டிலும் சுற்றியிருந்த செல்வர் வீடுகளிலும் தீட்டுப்பற்றாத கல் பாத்திரங்களும் சடங்கு நீராட்டுத் தொட்டிகளும் நிறைந்திருந்தன. வசதியாக வாழ்ந்த ஆசாரிய வர்க்கம் தூய்மைச் சட்டத்தை வீட்டுக்குள்ளும் கைக்கொண்டது என்பதற்கு அவை சான்று.

கோயில் போனபின்

கி.பி. 70இல் ரோமர் கோயிலை அழித்தபின் சதுசேயர் வரலாற்றிலிருந்து மறைகிறார்கள். பரிசேயரின் சட்டத்தை வீட்டிலும் தொழுகைக்கூடத்திலும் கடைப்பிடிக்க முடியும். ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் இருந்தால் போதும். சதுசேயரின் அதிகாரமோ பலிபீடத்தோடும் பிறப்புரிமையோடும் கட்டப்பட்டிருந்தது. போர் அந்த வர்க்கத்தில் பலரைக் கொன்றது, நிலத்தைப் பறித்தது, பதவியையே இல்லாமலாக்கியது. வென்ற தரப்பு எழுதிய மிஷ்னா, உயிர்த்தெழுதல் இல்லை என்பவருக்கு வரும் உலகில் பங்கில்லை என்று விதித்தது. இறந்தவரை உயிர்ப்பிக்கும் இறைவனைப் போற்றும் வரிகள் யூதரின் அன்றாடத் தொழுகையில் இன்றும் இரண்டாம் வாழ்த்தாக உள்ளன.

பெயர் மட்டும் வசைச்சொல்லாக நீடித்தது. 8ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் ஆனான் பென் தாவீதை ஒட்டி எழுந்து, வாய்மொழி மரபை மறுத்த காராயிம் பிரிவினரை, ரபிமார் சார்பினர் சதுசேயர் என்றே ஏசினார்கள். இடையில் பல நூற்றாண்டுகள் காலியாக இருப்பதால், நேரடி வாரிசுரிமையை நிறுவ முடியாது.

தல்மூதை அச்சில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் தணிக்கையாளர்கள், மதப்பிரிவினையாளன் என்று பொருள்படும் "மீன்" என்ற எபிரேயச் சொல் தங்களைக் குறிப்பதாகச் சந்தேகித்து, அச்சுப் பிரதிகளில் பல இடங்களில் அதை எடுத்துவிட்டுச் "சதுசேயன்" என்று மாற்றினார்கள். 1578 முதல் 1581 வரை பாசெல் நகரில் அச்சான பதிப்பு இதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தில் சதுசேயன் ஒருவன் ரபியோடு வாதாடினால், கையெழுத்துப் பிரதியைப் பார்க்கும்வரை அவனைச் சதுசேயன் என்று எழுதிவிட முடியாது.